இரண்டு விரல் இடைவெளி யார் பாகம்?

நீளமான ஒரு கட்டடத்தின் வரைபடத்தை இளம் பொறியாளர்களான உங்கள் கையில் கொடுத்தால் கண் முதலில் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். முகப்புக்குப் போகும். பிறகு தூண்களுக்கு, கம்பிக் கணக்குக்கு. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒல்லியாக ஓடும் இரட்டைக் கோட்டில் அது நிற்காது. அதுதான் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி. ‘வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் கட்டடத்துக்கு இடம் கொடுக்க விடப்படும் இடைவெளி’ என்று எழுதி, மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறீர்கள். அதன்பின் பணி ஓய்வு பெறும்வரை அதைப் பற்றி உங்களிடம் யாரும் கேட்பதில்லை.

ஒரு கட்டடத்தில் ஒன்றுமில்லாத ஓர் இடத்தை வேண்டுமென்றே விட்டுவைப்பது அங்கேதான். ஆகவே உரிமையாளருக்கு அதைப் பிடிக்காது. அவருக்கு அது விரிசல். மேஸ்திரிக்கு அது தொல்லை. ஒரு தூண் போதும் என்று அவர் நினைக்கிற இடத்தில் இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தச் சொல்கிறீர்கள். டைல்ஸ் ஒட்டுகிறவருக்கு அது அழகைக் கெடுக்கும் கோடு. இத்தனை பேருக்கும் வேண்டாத ஒன்றைக் காப்பாற்ற வேண்டியவர் பொறியாளர். அவர் அந்த நேரத்தில் கைப்பேசியில் இருப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு மேலதிகாரி இருந்தார். அவர் சட்டைப்பையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். ஆய்வுக்குப் போனால் முகப்பையும் பார்க்கமாட்டார், பளபளப்பையும் பார்க்கமாட்டார். நேரே ஜாயின்டுக்குப் போய் ஸ்கேலை உள்ளே விடுவார். போனால் மற்றதைப் பார்ப்பார். போகாவிட்டால் ஜீப்பில் ஏறிவிடுவார். வெட்டி வைத்திருந்த இளநீரைக்கூடத் தொடமாட்டார். எனக்கு அவர் அறிவுரை எதுவும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். அதேபோல ஒரு ஸ்கேலைக் கடையில் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். இனி நான் சொல்லப்போவது அந்த ஸ்கேல் போகாத ஓர் இடத்தைப் பற்றி.

அது என் பணியின் கடைசி தீபம். கார்த்திகை தீபத்துக்கு முன்னால், கிரிவலப் பாதையில் கூட்டம் ஏறக்கூடிய மொட்டைமாடிகளைப் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். தீபத்தன்று மாலை இந்த ஊரில் தரையில் நிற்பவரைவிட மாடியில் நிற்பவர் அதிகம். மலை தெரிகிற ஒவ்வொரு மாடியும் அன்றைக்கு ஒரு கோயில். எந்தக் கோயிலிலும் தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு யாரும் கும்பிடுவதில்லை.

அடி அண்ணாமலைப் பக்கம் பாதையோரமாக ஒரு நீளமான தங்கும் விடுதி. மூன்று மாடி. முகப்பு மலையைப் பார்த்து நிற்கிறது. கீழ்பென்னாத்தூரில் மணிலாக் கடலை வியாபாரம் செய்து வளர்ந்த அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து கட்டியது. அண்ணன் பெயர் ஏகாம்பரம், தம்பி குமரேசன். நான் போனபோது ஒரே கட்டடத்துக்கு இரண்டு பெயர்ப்பலகைகள் இருந்தன. வலது பாதி அண்ணனுக்கு, இடது பாதி தம்பிக்கு. லிஃப்ட் அண்ணன் பக்கம் போயிருந்தது, மாடிப்படி தம்பி பக்கம். அண்ணனிடம் அறை எடுத்தவர்கள் மின்சாரம் போனால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் நடுநிலை தவறாமல் படியில் ஏறி லிஃப்டில் இறங்குவது என்று முடிவு செய்தேன்.

வரவேற்பறையின் நடுவே ஒரு பெருத்த தூண். பளபளக்கும் கருங்கல் பலகை ஒட்டி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அந்தக் கனத்தில் ஒரு தூண் அந்தக் கட்டடத்துக்குத் தேவையே இல்லை. உள்ளே இரண்டு தூண்கள் ஒட்டி நிற்கின்றன, அவற்றைச் சேர்த்துப் போர்த்தியிருக்கிறார்கள் என்பது பார்த்ததும் புரிந்தது. கல்லில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். தூணின் அடியிலிருந்து தரையில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு வாசல்வரை ஓடியது.

“இங்கே ஜாயின்ட் விட்டிருந்தார்களே, எங்கே?” என்று ஏகாம்பரத்தைக் கேட்டேன்.

அவர் முகத்தில் பெருமை வந்தது. “ஆரம்பத்துல கோடு மாதிரி ஒண்ணு வுட்டு வச்சிருந்தானுங்க சார். கிரகப்பிரவேசத்துக்கு முந்தி வாஸ்துக்காரர் வந்து பாத்துட்டு, ‘இன்னாங்க இது, வூடு பொறக்கும்போதே பாகம் பிரிஞ்சு பொறந்திருக்குது’ன்னாரு. அண்ணன் தம்பி சேந்து கட்டுற எடம் சார். அப்படிக் கோடு கெடக்கலாமா? உள்ள இருந்த தெர்மாகோல நோண்டி எடுத்துட்டு, ஜல்லியும் சிமெண்ட்டும் கலந்து கெட்டியா ஊத்திட்டோம். மேல மாடி வரைக்கும். சிமெண்ட் ஒரு பிடி கம்மி பண்ணல.”

“இப்போது?”

“இப்பதான் பாகம் பிரிஞ்சிடுச்சே சார்.”

இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. பாதையில் எத்தனை டீக்கடை உண்டோ அத்தனை கதை உண்டு. பிரித்த விதம்தான் எனக்கு முக்கியம். ஊரிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் சரிபாதி எது என்று தேடியபோது, பழைய வரைபடத்தில் இருந்த இரட்டைக் கோடு அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. பொறியாளர் கண்ணுக்குத் தப்புவது பஞ்சாயத்தார் கண்ணுக்குத் தப்பாது. கோடே கூடாது என்று எந்த இடத்தை அடைத்தார்களோ, அதே இடத்தில் தரையிலிருந்து மொட்டைமாடிவரை மஞ்சள் கோடு இழுத்துவிட்டார்கள்.

மாடிக்குப் போனேன். சாலைப் பக்கத்துக் கைப்பிடிச் சுவர் கட்டடத்தின் முழு நீளத்துக்கும் ஓடியது. அதன் தலையில் கருங்கல் பலகை, மஞ்சள் கோட்டைத் தாண்டி இடைவெளியே இல்லாமல். ஒரு மூலையில் குனிந்து ஒற்றைக் கண்ணால் சுவரின் விளிம்பைப் பார்த்தேன். நடுவில் சுவருக்குத் தொந்தி போட்டிருந்தது. சாலையை நோக்கி.

காரணம் கடினமானது இல்லை. இந்த ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். சுவர் சூடேறி நீள்கிறது. நீள்வதற்கு என்று விட்ட இடத்தில் சிமெண்ட்டை ஊற்றியாயிற்று. வலப்பாதி இடப்பாதியைத் தள்ளுகிறது. இடப்பாதி வலப்பாதியைத் தள்ளுகிறது. நடுவில் மாட்டியது வெளியே பிதுங்குகிறது. மழையில் சுருங்கும்போது பிதுங்கியது உள்ளே திரும்புவதில்லை. அடியில் வாய் பிளந்து தண்ணீர் குடிக்கிறது. அடுத்த கத்திரி வெயிலில் இன்னும் கொஞ்சம் பிதுங்குகிறது. இதற்கு அந்தக் குடும்பத்தையே உவமையாகச் சொல்லலாம். மலிவான உவமைதான், ஆனால் தேடிப் போகாமல் கிடைத்தது.

மஞ்சள் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்து அழுத்தினேன். போகவில்லை.

தீபத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. குமரேசன் தன் பாதி மொட்டைமாடியில் நாற்காலி போட்டு, ‘மலைக்கு நேர் எதிரே தீப தரிசனம்’ என்று ஆன்லைனில் இடம் விற்றுவிட்டார். மேலே வருகிற அத்தனை பேரும் மலையைப் பார்க்க முன்னால் நெருக்குவார்கள். நெருக்கினால் அந்தச் சுவரில்தான் சாய்வார்கள். கீழே, தொந்திக்கு நேர் அடியில், ஏகாம்பரம் அன்னதானப் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார். மேலே நிற்பவர்களைத் தம்பி கூட்டி வருகிறார், கீழே நிற்பவர்களை அண்ணன். அந்தச் சுவர் விழுந்தால் இரண்டு கூட்டத்துக்கும் பாரபட்சம் காட்டாது.

இருவரையும் மாடிக்கு வரவழைத்தேன். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். கை நீட்டினால் தொடலாம். ஆனால் பேச்சு என் வழியாகத்தான்.

“நடுச்சுவரை இறக்கணும். அடைத்த இடத்தைத் திரும்ப வெட்டித் திறக்கணும்” என்றேன்.

“வெட்டட்டும் சார்” என்றார் ஏகாம்பரம். “அவர் பக்கத்துல வெட்டிக்கச் சொல்லுங்க. கோடு என்னுதுல இல்ல.”

“நல்லா இருக்குதே!” என்றார் குமரேசன். “கோட்டோட நடுதான் சார் எல்லை. ரெண்டு வெரல் வெட்டுனா அது யாரு பாகத்துல போவும்? கீழருந்து மேல வரைக்கும் ரெண்டு வெரல்னா சும்மாவா? அவர்கிட்ட கேளுங்க.”

“நான் மூத்தவன் சார். சின்னவன் வுட்டுக் குடுக்கட்டும்.”

“லிஃப்ட வுட்டுக் குடுத்தேனே, பத்தாதா?”

“படிய எடுத்துக்கினான் சார், அதச் சொல்ல மாட்டான்.”

கட்டடம் விரிவதற்கு விட்ட இடம் அது. அதில் குடியிருக்க முடியாது, வாடகைக்கு விட முடியாது, ஒரு துடைப்பம்கூட வைக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். இருவரும் என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கடைசியில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாகச் சொன்னார்கள்: “தீபம் முடியட்டும் சார்.”

இந்தச் சொல்லை நீங்களும் கேட்பீர்கள். தீபம் முடியட்டும், பௌர்ணமி முடியட்டும், முகூர்த்தம் முடியட்டும். ஆபத்தும் அதே நாளுக்காகத்தான் காத்திருக்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வேங்கிக்காலில் இருந்த அலுவலகத்துக்குத் திரும்பி விதிகளை எடுத்துப் பார்த்திருக்கலாம், தேவைப்படவில்லை. எனக்கு எல்லாம் மனப்பாடம். முறைப்படி நோட்டீஸ் கொடுக்கலாம். அதற்குப் பதில் வரக் காத்திருந்து, விசாரணை வைத்து, ஆணை போட்டு முடிப்பதற்குள் தீபத்தை ஏற்றி, எரித்து முடித்து, கொப்பரையையும் மலையிலிருந்து இறக்கிவிடுவார்கள். உடனடி ஆபத்து என்று எழுதி நானே இடிக்கவும் விதியில் இடம் உண்டு. ஆனால் இடிக்கப் போகிற ஆட்களை இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து வழிமறித்தால், விதி படியடியில் நிற்கும், சுவர் மேலே நிற்கும். மாடியைப் பூட்டிவிடலாம் என்றால் கீழே போகிறவர்களை என்ன செய்வது? தீபத்தன்று கிரிவலப் பாதையை மூடச் சொல்லிக் கேட்கிறவனைத்தான் முதலில் பூட்டுவார்கள். அந்தச் சுவர் அங்கே இருக்கக் கூடாது. வேறு வழி இல்லை. விதிமுறை முழுவதும் தெரிந்தவனுக்கு ஒரே நன்மை, அதில் எதுவும் உதவாது என்பது சீக்கிரம் தெரிந்துவிடும்.

மறுநாள் காலை சலீம் பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். டவுனில் கான்கிரீட் வெட்டும் மெஷின் வைத்திருப்பவர்; வாயும் அதே வேகத்தில் ஓடும். அண்ணன் தம்பி இருவரும் பின்னாலேயே மாடிக்கு வந்தார்கள். சலீம் பாய் சுவரைப் பார்த்துவிட்டு என் காதோரமாக, “சார், இது புள்ளத்தாச்சி மாதிரி நிக்குது. கைய வைக்கவே பயமா இருக்குது” என்றார்.

அது ஏகாம்பரத்தின் காதில் விழுந்துவிட்டது. “இன்னா பாய், எங்க செவுத்தப் போயி… ஒரு பிடி கம்மி பண்ணாம கட்டுனது! இதோ பாரு!” என்று விறுவிறுவென்று போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்தார்.

சுவர் நகர்ந்தது. அதிகம் இல்லை. அடியில் பற்களைக் கடிப்பது போல ஒரு சத்தம், சாலைப் பக்கம் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது.

“அண்ணே! இந்தாண்ட வா!” குமரேசன் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து அண்ணன் வேட்டியைப் பிடித்து இழுத்தார். இருவரும் தடுமாறி அங்கேயே உட்கார்ந்தார்கள். கீழே பந்தலில் ஒருவர், “மேல யாருய்யா மண்ண கொட்டுறது?” என்று கத்தினார்.

இந்த இடத்தில் ஒரு நல்ல கதாசிரியர் அண்ணன் தம்பியைச் சேர்த்து வைத்துவிடுவார். குமரேசன் எழுந்து, வேட்டியை விட்டுவிட்டு, தன் பக்கம் போய் நின்றுகொண்டார். ஏகாம்பரம் இடுப்பில் வேட்டியை இறுக்கினார். எல்லாம் பழையபடி. ஆனால் இருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. எனக்கு அது போதும். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“நாளைக்கு இது கூட்டத்தின் மேல் விழுந்தால், விழுந்த கல் யாருடையது என்று கேட்டு வழக்குப் போடுவார்கள். யார் பெயரை எழுதட்டும்?”

நேற்றுவரை இரண்டு விரலுக்கு உயிரை விட்டவர்கள் அவர்கள்.

“அது அவன்து சார்” என்றார் ஏகாம்பரம்.

“ஐயோ, எனக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது” என்றார் குமரேசன். “எல்லையே அதுக்கு இந்தாண்டதான் சார் ஆரம்பிக்குது.”

“எனக்கும் அதுக்கு முந்தியே முடிஞ்சிடுது.”

“அப்படியானால் நடுவில் இருப்பது உங்கள் இரண்டு பேருடையதும் இல்லை?”

“இல்லவே இல்ல” என்றார்கள்.

“யாருடையதும் இல்லாததை நான் வெட்டினால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.”

எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். தன்னுடையது இல்லை என்று எழுதிக் கொடுக்க யாருக்கும் பேனா தேட நேரமாவதில்லை. சலீம் பாய் மெஷினை எடுத்துக்கொண்டே, “இத்தினி வருசமா தொழில் பண்றேன் சார், ஓனரே இல்லாத செவுத்த இன்னிக்கிதான் வெட்டப் போறேன்” என்றார். அவர்கள் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் வெட்டுங்கள் என்றேன்.

கீழே கயிறு கட்டி வழியை ஒதுக்கினோம். பந்தல் மூங்கிலைப் பிடுங்கிக் கட்டடத்தின் ஓரத்துக்குக் கொண்டு போனார்கள். ஏகாம்பரத்தின் வீட்டம்மா, நல்ல நேரம் பார்த்து நட்ட மூங்கில் என்று என்னைச் சபித்தார். மேலே சுவரை உள்பக்கமாக இழுத்துக் கட்டிவிட்டு, தலையில் இருந்த கருங்கல்லை வெட்டித் தூக்கினார்கள். அதன்பிறகு சுத்தியலுக்கு வேலை இல்லை. தட்டிலிருந்து இட்லி எடுப்பதுபோலச் செங்கற்கள் ஒவ்வொன்றாகக் கையோடு வந்தன. மேலே இருந்த அந்த ஒரு கல்தான் அத்தனையையும் பிடித்துவைத்திருந்தது. அடைத்த இடத்தில், ஒரு பிடி குறைக்காமல் ஊற்றிய அந்தக் கெட்டிச் சிமெண்ட், நசுங்கி மாவாகிக் கிடந்தது. சலீம் பாய் அதில் கொஞ்சம் அள்ளி ஏகாம்பரத்திடம் நீட்டி, “பாத்தீங்களா முதலாளி, நீங்களே அரைச்சு வச்சிருக்கீங்க. பல்லு வெளக்கலாம்” என்றார். ஏகாம்பரம் அதை வாங்கவில்லை. கீழே, மூங்கில் இருந்த பள்ளங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “பந்தல அங்கயே போட்டுக்கறேன் சார்” என்றார், நான் ஏதோ கேட்டதுபோல.

தீபத்தன்று நடுவில் சுவர் இல்லாத இடத்துக்கு நன்றாக உள்ளே தள்ளிப் பலமாக இரும்புக் குழாய்த் தடுப்பு போட்டிருந்தோம். மாலையில் நான் கீழே பாதையில் நின்றேன். மலை உச்சியில் தீபம் தெரிந்த நொடியில் “அரோகரா” என்று பாதை முழுவதும் ஒரே குரலாக எழுந்தது. அத்தனை முகமும் மலையைப் பார்த்தபோது நான் ஒருவன் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டி, அந்த மொட்டைமாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் முன்னால் நெருக்கியது. தடுப்பில் மோதி நின்றது. எதுவும் விழவில்லை. கீழே சாம்பார் சாதத்துக்கு வரிசை நீண்டது. தீபத்தை நான் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர், “இன்னா சார், இப்பதான் தெரியுதா?” என்றார்.

நன்றி சொல்ல யாரும் வரவில்லை. அதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம். ஒரு புகார் மட்டும் வந்தது. ஆன்லைனில் இடம் வாங்கிய ஒருவர், நடுவில் இரும்புக் குழாய் இருந்ததால் படம் எடுக்க அசிங்கமாக இருந்தது என்று குமரேசனிடம் சண்டை போட்டாராம். நடக்காமல் போன விபத்துக்குக் கிடைக்கும் சான்றிதழ் இப்படித்தான் இருக்கும். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

பிறகு ஜாயின்டை மாடியிலிருந்து அடிவரை முறையாகத் திறந்தோம். இரண்டு பாதிக்கும் தனித்தனிக் கைப்பிடிச் சுவர், நடுவே சுத்தமான இடைவெளி. வரவேற்பறையின் பெருத்த தூணை உரித்து இரண்டு தூண்களாக்கினோம். சந்தனம் குங்குமத்தை இப்போது இரண்டுக்கும் வைக்கிறார்கள். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன்.

இந்த வருஷக் கத்திரியில் ஏகாம்பரத்திடமிருந்து போன். நலம் விசாரித்தார். அவர் நலம் விசாரிக்கிறார் என்றதும் எனக்குப் பயம் வந்தது.

“ஒண்ணும் இல்ல சார். அந்த ஜாயின்ட்டு வழியா எறும்பு ஜாஸ்தியா வருது. பாக்கவும் ஒரு மாதிரி கோடு போட்ட மாதிரி கெடக்குது. ஒரே ஒரு சட்டி கலவை போட்டு மூடிடட்டா?”

நசுங்கி மாவான சிமெண்ட்டையும், முதுகுக்குப் பின்னால் நகர்ந்த சுவரையும் நேரில் கண்டவர் அவர். அவருக்கு வெப்பவியல் வகுப்பு எடுப்பதில் பயன் இல்லை. உங்களைப் போல இளையவனாக இருந்திருந்தால் எடுத்திருப்பேன்.

“தாராளமாக மூடுங்கள்” என்றேன். “ஆனால் கலவையைப் போட்டவருக்குத்தான் அந்த இடம் சொந்தம் என்று ஆகிவிடும். அதனால் யார் போடுவது என்று மட்டும் தம்பியிடம் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.”

அவர் போனைக் காது மாற்றிப் பிடிப்பது கேட்டது.

“அவன்கிட்டயா?” என்றார்.

நேற்று அந்தப் பக்கம் போனபோது மாடிக்கு ஏறிப் பார்த்தேன். நல்ல வெயில். கட்டடம் முடிந்தவரை நீண்டிருந்தது. ஸ்கேல் உள்ளே போகிறது.